4.4 பெரிதா, 6.2 பெரிதா? மூன்று கிராபிக்ஸ் கார்டுகளை ஒரே கணினியில் வைத்துப் பார்த்த பதிவு

அண்ணன் மகள் கட்டடக்கலை படிக்கிறாள். செமஸ்டர் முடிவில், வரைந்த வீட்டைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண நிரலில் படமாக எடுத்துக் காட்ட வேண்டும். ஒரு படம் ரெண்டர் ஆக, அதாவது கணினி அதைக் கணக்கிட்டு உருவாக்க, ஐந்து நிமிடம். பன்னிரண்டு கோணங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு திருத்தங்கள். கடைசி நாளுக்கு முந்தைய இரவு கண்ணே மூடவில்லை என்றாள். அவள் கணினியில் இருப்பது 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி.

"சித்தப்பா, ஆர்எக்ஸ் 580 என்று ஒரு கார்டு இருக்கிறதாம். அது 6.2 டெராஃப்ளாப்ஸ், என்னுடையது 4.4 தான். பழையது மலிவாகக் கிடைக்குமாம். வாங்கிப் போடலாமா?"

அவள் சொன்ன எண்களில் பிழை இல்லை. 1060-இல் 1280 கணக்கு மையங்கள், வேகம் 1.708 கிகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்பில் ஒவ்வொரு மையமும் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் என இரண்டு வேலை செய்யும். மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 4.37 லட்சம் கோடி கணக்கு, அதாவது 4.37 டெராஃப்ளாப்ஸ். 580-இல் 2304 மையங்கள், 1.34 கிகாஹெர்ட்ஸ், அதே பெருக்கலில் 6.17 வருகிறது. நினைவகத்தின் அகலமும், அதாவது நொடிக்கு எவ்வளவு தரவு போய்வரும் என்பதும், 580-க்குத்தான் அதிகம். 256 பிட் பாதையில் ஒரு கம்பிக்கு நொடிக்கு 8 கிகாபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 256 ஜிபி. 1060-க்கு 192 பிட் பாதை, அதே 8 கிகாபிட், ஆக 192 ஜிபி. நினைவகம் 8-க்கு 6. தாளில் பார்த்தால் எல்லா வரியிலும் 580 முன்னால் நிற்கிறது. நானும் அதை நம்பித்தான் கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன். விளையாட்டுகளுக்காகக் கார்டு பார்த்துப் பழகியவன் நான். பிளெண்டர் எனக்குப் புதிது. அதை முதலில் விசாரிக்காமல் போனதுதான் தவறு என்பது பிறகு தெரிந்தது.

முதல் கடையில் எடுத்துக் கொடுத்த கார்டின் மேல் 580 என்ற ஒட்டுப்படம் இருந்தது. கையோடு கொண்டுபோயிருந்த பென்டிரைவிலிருந்து, கார்டின் உள்விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் நிரலை ஓட்டிப் பார்த்தேன். மையங்களின் எண்ணிக்கை 2048 என்று காட்டியது. இது போலி அல்ல. 2018-இல் சீனச் சந்தைக்காக 2048 மையங்களுடன் அதே 580 பெயரில் ஒரு வகை வந்தது. உள்ளே இருப்பது ஏறக்குறைய அதற்கு ஒரு படி கீழான 570. பெயர் ஒன்று, பொருள் வேறு. 580-ஐத் தரும் ஏஎம்டி நிறுவனத்தில் மட்டும் நடப்பது என்று எண்ண வேண்டாம். என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1060-இலேயே 3 ஜிபி வகைக்கு நினைவகம் மட்டும் குறைவல்ல, மையங்களும் 1152 தான். ஜிடி 1030-இல் இன்னும் மோசம்: ஜிடிடிஆர்5 நினைவகம் போட்ட வகை நொடிக்கு 48 ஜிபி தரும், டிடிஆர்4 போட்ட வகை 16.8 ஜிபி தரும். அட்டைப்பெட்டியில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். பழைய கார்டு வாங்கும் யாரும் பணத்தை நீட்டுவதற்கு முன் அந்த நிரலை ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டவிட மறுத்தால் அடுத்த கடைக்கு நடந்துவிடலாம்.

அடுத்த கடையில் உண்மையான 2304 மையக் கார்டு கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து என் கணினியில் செருகினேன். ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு. மூன்று கார்டுகளையும் இதே கணினியில்தான் ஓட்டினேன். மூன்றாவது கார்டு என்னுடைய ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. அதை முதலில் ஒப்பீட்டில் சேர்க்கும் எண்ணமே இல்லை.

முதல் ஓட்டம் ஏமாற்றம். கார்டின் வேகத்தை அளக்கும் 3டி மார்க் நிரலின் டைம் ஸ்பை சோதனையில் 1060 எடுத்த கிராபிக்ஸ் மதிப்பெண் 4,150; 580 எடுத்தது 3,700. டெராஃப்ளாப்ஸில் நாற்பது சதவீதம் முந்தியிருக்கும் கார்டு பத்து சதவீதத்துக்கு மேல் பிந்தியிருந்தது. ஜிபியு-இசட்டில் 'இயல்பு வேகம்' என்ற கட்டத்தைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. 1340-க்கு அருகில் இருக்க வேண்டிய இடத்தில் 1150 மெகாஹெர்ட்ஸ். கிரிப்டோ நாணயம் தோண்டிய கார்டுகளில் இது வழக்கம். மின்சாரம் மிச்சமாக வேண்டும் என்று மைய வேகத்தைக் குறைத்து, நினைவகத்தின் நேர அளவுகளை இறுக்கி, கார்டுக்குள் பதிந்திருக்கும் அமைப்பு நிரலான பயாஸையே மாற்றி எழுதிவிடுவார்கள். நல்ல வேளையாக இந்தக் கார்டின் மேல் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. இரண்டு பயாஸ் வைத்த கார்டு. கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, குண்டூசி முனையால் சுவிட்சை மறுபக்கம் தள்ளினேன். அந்தப் பக்கத்தை யாரும் தொடவில்லை. வேகம் 1340-க்குத் திரும்பியது, மதிப்பெண் 4,250.

அந்த மதிப்பெண்ணும் நிலைக்கவில்லை. அதே காட்சியை இருபது சுற்று விடாமல் ஓட்டினால் ஆறாவது சுற்றிலிருந்து வேகம் சரிந்தது. வெப்பம் 87 டிகிரி. விசிறி இரண்டும் முழு வேகத்தில் சுற்றியும் இறங்கவில்லை. ஒரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு மதிப்பெண்ணை எழுதி வைப்பவர்களுக்கு இது கண்ணில் படாது. கார்டு குளிர்ந்திருக்கும்போது எடுத்த எண்ணும் அரை மணி நேரம் உழைத்த பிறகு எடுத்த எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அந்தக் கார்டை இன்னொன்றுடன் ஒப்பிடுவதில் பொருள் உண்டு. பிரித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பிரிப்பதற்கு முன் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்க வேண்டும். சில்லின் வெப்பத்தை அதன் மேலுள்ள உலோக ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பசைபோல் பிடித்திருக்கும். குளிர்ந்த நிலையில் நெம்பினால் சில்லின் மூலை உடையும். பின்பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றி, சில்லைச் சுற்றியுள்ள நான்கு ஸ்பிரிங் திருகுகளையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். பிறகு ஹீட்சிங்கை மேலே இழுக்காமல், பாட்டில் மூடியைத் திருகுவதுபோல் இடமும் வலமும் லேசாக அசைத்தேன். விட்டது. விசிறிக் கம்பி இன்னும் போர்டில் மாட்டியிருக்கும் என்பதை இந்த இடத்தில் மறக்கக் கூடாது. அவசரத்தில் தூக்கினால் இணைப்பான் பிய்ந்துவிடும்.

உள்ளே இருந்த பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்புபோல் வெடித்திருந்தது. சில்லின் நடுவில் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. ஓரங்களில் மட்டும் மேடு. 232 சதுர மில்லிமீட்டர், அதாவது பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் உள்ள ஒரு சிலிக்கான் துண்டு. அதன் வழியாகத்தான் நூற்றுக்கு மேற்பட்ட வாட் வெப்பம் வெளியேற வேண்டும். நினைவகச் சில்லுகளின் மேலிருந்த, வெப்பம் கடத்தும் மென்பட்டைகளிலிருந்து எண்ணெய் கசிந்து போர்டெல்லாம் பரவியிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து நாலைந்து முறை துடைத்த பிறகு சில்லில் என் விரலின் நிழல் தெரிந்தது. பழைய பட்டையின் அழுந்தாத ஓரத்தை வெர்னியரில் அளந்து, அதே ஒன்றரை மில்லிமீட்டரில் புதியது வெட்டி வைத்தேன். இந்த அளவைக் குத்துமதிப்பாக எடுத்தால் பழுது இன்னும் பெரிதாகும். பட்டை தடித்துவிட்டால் ஹீட்சிங்க் சில்லில் உட்காராமல் அந்தரத்தில் நிற்கும். பேஸ்டைச் சில்லின் நான்கு மூலைக்கும் எட்டும்படி தடவி, திருகுகளை மறுபடி குறுக்கு மறுக்காகக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினேன்.

இருபது சுற்று முடிவில் 72 டிகிரி. வேகம் 1340-இல் அசையாமல் நின்றது. மதிப்பெண் 4,350; கடைசிச் சுற்றிலும் அதே எண். பதினைந்து டிகிரி வெப்பம் இறங்க ஆன செலவு ஒரு குழாய் பேஸ்ட், உள்ளங்கை அளவு பட்டை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பழைய கார்டு வைத்திருப்பவர்கள் புதிது வாங்கும் யோசனைக்கு முன் இதைச் செய்துபார்க்க வேண்டும் என்று மன்றாடியே கேட்டுக்கொள்வேன்.

இப்போது விளையாட்டுச் சோதனை. உள்ளேயே சோதனை ஓட்டம் வைத்திருக்கும் விளையாட்டு ஒன்று, 1080 வரித் தெளிவு, உயர் அமைப்பு. 1060 நொடிக்குச் சராசரி 58 படம், 580 நொடிக்கு 54. மீண்டும் குழப்பம். சராசரியைவிட அடுத்த எண்தான் என்னை உறுத்தியது. மிக மெதுவாக வந்த ஒரு சதவீதப் படங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 1060-க்கு 46, 580-க்கு 29. திரையில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. கேமரா திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தட்டி நின்றது. நொடிக்கு 60 படம் என்றால் படத்துக்குப் படம் 16.7 மில்லிநொடி இடைவெளி. அறுபதில் ஒன்று மட்டும் 100 மில்லிநொடி எடுத்துக்கொண்டாலும் சராசரி பெரிதாக மாறாது. கண் அதைக் கட்டாயம் பிடித்துவிடும். அதனால்தான் சராசரியை மட்டும் போடும் ஒப்பீட்டை நான் நம்புவதில்லை.

காரணம் கார்டில் இல்லை. மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டுகள் இரண்டு; சோதனைக்காகக் கழற்றி மாட்ட எளிது என்று 580-ஐக் கீழ் ஸ்லாட்டில் செருகியிருந்தேன். மேல் ஸ்லாட்டின் தாழ், பிராசஸர் விசிறிக்கு அடியில் விரல் நுழையாத இடத்தில் இருக்கிறது. கீழ் ஸ்லாட்டும் பார்வைக்கு அதே நீளம்தான். ஆனால் பி450 போர்டுகளில் அது பெரும்பாலும் பிராசஸரிலிருந்து நேராக வராமல், போர்டின் துணைச் சில்லான சிப்செட்டிலிருந்து வரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டுக்குத் தரவு போய்வரும் பாதை) 2.0, வெறும் 4 தடம். நொடிக்கு 2 ஜிபி. மேல் ஸ்லாட் 3.0, 16 தடம். நொடிக்கு 16 ஜிபி அளவுக்கு வரும். எட்டு மடங்கு வித்தியாசம். ஜிபியு-இசட்டில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. அதை வெறுமனே பார்த்தால் போதாது. கார்டு சும்மா இருக்கும்போது இணைப்பின் வேகம் தானாகவே 1.1-க்கு இறங்கிவிடும். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்திச் சிறு வேலை கொடுத்தால்தான் உண்மையான எண் தெரியும்.

மேல் ஸ்லாட்டுக்கு மாற்றியதும் 580-க்குச் சராசரி 62, மெதுவான ஒரு சதவீதம் 48. அப்பாடா என்றிருந்தது.

தடங்களின் எண்ணிக்கை பற்றி இன்னும் ஒன்று. புதுக் கார்டுகளில் சில, ஸ்லாட் நீளம் முழுக்க இருந்தாலும் உள்ளே குறைந்த தடங்களோடுதான் வருகின்றன. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு 4 தடம், 4 ஜிபி நினைவகம். 4.0 உள்ள புதிய போர்டில் நொடிக்கு 8 ஜிபி கிடைக்கும். பழைய 3.0 போர்டில் அது பாதியாகும். 4 ஜிபி நிரம்பி வழியும்போது மீதி எல்லாம் அந்தக் குறுகலான பாதையில்தான் போய்வர வேண்டும். பழைய கணினிக்கு மலிவாக ஒரு புதுக் கார்டு என்று தேடுபவர்களின் கையில்தான் பெரும்பாலும் 3.0 போர்டு இருக்கும் என்பது வருத்தமான விஷயம். ஆர்எக்ஸ் 6600-க்கும் ஆர்டிஎக்ஸ் 4060-க்கும் 8 தடம், 3.0 போர்டிலும் அவற்றுக்கு அவ்வளவு நெருக்கடி வராது.

ஆக, எல்லாம் சரிசெய்த பிறகு 1060-க்கும் 580-க்கும் உள்ள வித்தியாசம் ஐந்து, ஏழு சதவீதம். நாற்பது எங்கே போயிற்று? டெராஃப்ளாப்ஸ் என்பது எல்லா மையங்களும் ஒரு துடிப்பும் வீணாக்காமல் பெருக்கிக் கூட்டினால் வரும் உச்சக் கணக்கு. ஆயிரம் பேர் சாப்பிடும் பந்தியில் இலை போட்டாயிற்று, பரிமாறுபவர்கள் போதவில்லை என்றால் பாதிப் பேர் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். அதுபோலத்தான் 580-இன் மையங்கள் பல நேரம் வேலை வராமல் காத்திருக்கின்றன. இரண்டு நிறுவனங்களின் மையங்களும் ஒரே பொருள் அல்ல. ஒரே குடும்பத்துக்குள், ஒரே தலைமுறையில் மட்டும்தான் இந்த எண்ணை வைத்து இது பெரிது, அது சிறிது என்று சொல்ல முடியும்.

மின்சாரத்தில் மட்டும் தாளில் இருந்தது அப்படியே நேரில் வந்தது. 1060-க்கு 120 வாட், 580-க்கு 185 வாட் என்பது அறிவிக்கப்பட்ட அளவு. சுவர் இணைப்பில் அளவியை மாட்டி முழுக் கணினிக்கும் பார்த்தேன்: 1060-உடன் 185 வாட், 580-உடன் 255. கிட்டத்தட்ட ஒரே வேகத்துக்கு எழுபது வாட் கூடுதல். சித்திரை மாதத்தில் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது வெறும் எண்ணாக இருக்காது.

இவ்வளவும் செய்து முடித்துவிட்டு அவளை அழைத்து, பிளெண்டர் கோப்பைத் திறக்கச் சொன்னேன். அமைப்புப் பக்கத்தில் ரெண்டர் செய்யும் கார்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்குப் போனாள். ஏஎம்டி கார்டுகளுக்கான 'ஹிப்' என்ற தலைப்பைச் சொடுக்கினாள். பட்டியல் காலி. பொருத்தமான கார்டு எதுவும் இல்லை என்று ஒரு வரி.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழித்து மறுபடி நிறுவினோம். அதே வரி. பிறகு பிளெண்டரின் வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்தேன். 2021 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில், ஏஎம்டி கார்டுகளில் ரெண்டர் செய்ய அதுவரை இருந்த ஓபன்சிஎல் வழியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் வந்த ஹிப், ஏஎம்டியின் புதிய கட்டமைப்புக் கார்டுகளுக்கானது; 580-இன் போலாரிஸ் கட்டமைப்பு அதில் இல்லை. பழைய 2.93-க்குத் திரும்பலாம். ஆனால் கல்லூரியில் எல்லாரும் 4-வது பதிப்பில் வேலை செய்கிறார்கள். அந்தக் கோப்பு பழையதில் சரியாகத் திறக்காது. அவளுடைய வேலைக்கு 580-இன் 6.2 டெராஃப்ளாப்ஸ் வெறும் பூஜ்யம். விளையாட்டில் சரிக்குச் சமமாக ஓடிய இரண்டு கார்டுகளில் ஒன்று இந்த வேலைக்கு உள்ளேயே நுழைய முடியவில்லை. மையம், அகலம், வேகம் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 'நீ ஓட்டும் நிரல் இந்தக் கார்டை ஏற்கிறதா' என்பதுதான். அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

என் 3060-ஐ எடுத்து அதே ஸ்லாட்டில் மாட்டினேன்.

தாளில் அதற்கு 3584 மையங்கள், 12.7 டெராஃப்ளாப்ஸ்: 1060-ஐப் போல 2.9 மடங்கு. நினைவக அகலம் நொடிக்கு 360 ஜிபி: 1.9 மடங்கு. டைம் ஸ்பையில் 8,700 வந்தது: 2.1 மடங்கு. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே மையங்களின் கணக்கு ஏன் இப்படி ஊதியிருக்கிறது என்றால், அந்தத் தலைமுறையில் என்விடியா ஒவ்வொரு தொகுதியிலும் தசமக் கணக்குப் பிரிவுகளை இரட்டிப்பாக்கியது. அவற்றில் பாதி, முழு எண் கணக்கு வரும்போது அதற்குப் போய்விடும். ஆகவே விளையாட்டில் இரட்டிப்பின் முழுப் பலன் வருவதில்லை. 2018-இன் 2080 டிஐ-யும் (13.4 டெராஃப்ளாப்ஸ்) 2020-இன் 3070-ம் (20.3) விளையாட்டுகளில் அக்கம்பக்கமாக நிற்பதற்கு இதுவே காரணம்.

பிளெண்டரில் கதை தலைகீழ். அவளுடைய முற்றக் காட்சி ஒன்று, இரண்டிலும் ஒரே அமைப்பு, ஒரு புள்ளிக்கு எடுக்கும் ஒளி மாதிரிகளும் ஒரே எண்ணிக்கை. 1060-இல் 4 நிமிடம் 50 நொடி. 3060-இல் 48 நொடி. ஆறு மடங்கு. முதலில் நான் நம்பவில்லை. கார்டுகளை மாற்றி மாற்றி மும்முறை ஓட்டினேன். ஒளிக்கதிர் எந்தப் பரப்பில் போய் மோதுகிறது என்று கண்டுபிடிப்பதற்கென்றே 3060-இல் தனி உறுப்புகள் இருக்கின்றன. 1060-இல் அவை கிடையாது. எல்லாவற்றையும் பொது மையங்களே செய்தாக வேண்டும். டெராஃப்ளாப்ஸ் கணக்கில் அந்த உறுப்புகள் சேர்வதே இல்லை.

நினைவகமும் இங்கேதான் கைகொடுத்தது. சுவருக்கும் தரைக்கும் அவள் ஒட்டியிருந்தவை 4096-க்கு 4096 புள்ளிப் படங்கள். புள்ளிக்கு 4 பைட் வீதம் ஒரு படம் 6.7 கோடி பைட். அப்படி நாற்பது படங்கள் இருந்தால் 2.7 ஜிபி போய்விடும். தோட்டத்தில் மரங்களைச் சேர்த்ததும் மொத்தம் 7 ஜிபியைத் தாண்டியது. 1060-இல் மீதி, சாதாரண ரேமுக்கு வழிந்து, அங்கிருந்து எடுத்து எடுத்து ரெண்டர் தவழ்ந்தது. 3060-இன் 12 ஜிபியில் ஒரு சலனமும் இல்லை.

புதிய 4060-ஐ வாங்கலாமே என்று அண்ணன் கேட்டார். அதற்கு அகலம் 272 ஜிபி தான். ஆனால் 3060-இல் 3 எம்பி இருந்த உள் தேக்கம் (சில்லுக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) அதில் 24 எம்பி ஆகியிருப்பதால் விளையாட்டுகளில் அது 3060-ஐ முந்துகிறது. 115 வாட்டில் ஓடுகிறது. நல்ல கார்டுதான். இவளுடைய தோட்டத்துக்கு அதன் 8 ஜிபி சீக்கிரமே போதாமல் போகும் என்பதால் வேண்டாம் என்றேன்.

என் 3060-ஐ அவளுக்கே கொடுத்துவிட்டேன். அவள் கணினியில் இருந்தது 450 வாட் பவர் சப்ளை. இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550. மாற்றாமல் விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. நான்கு முனைப் பழைய இணைப்பிலிருந்து எட்டு முனைக்கு மாற்றிக் கொடுக்கும் கம்பியைக் கடையில் நீட்டினார்கள், வாங்கவில்லை. அந்த மெல்லிய முனைகள் உருகிப்போனதைப் பழுதுக்கு வந்த இரண்டு கணினிகளில் பார்த்திருக்கிறேன்.

580 அவள் தம்பியிடம் போயிற்று. அவன் விளையாட மட்டுமே செய்கிறான். 1060 இப்போது என் கணினியில். என்விடியா இந்தத் தலைமுறைக்கு வழக்கமான டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும். பக்க வடிவமைப்பும் புகைப்பட வேலையும் செய்கிற எனக்கு அது வரை தாராளம். பேஸ்ட் மட்டும் ஒன்பது வருடப் பழசு. மீதமிருந்த குழாயை எடுத்து வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு அதையும் பிரிக்க வேண்டும்.